புள்ளியியல் பேராசிரியரை அளக்கும் பிழையான புள்ளியியல்

1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் சி. ஆர். ராவின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அப்போது அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. கேம்பிரிட்ஜில் அவர் அதைப் பெற்றது 1948இல்தான். பிறழ்ச்சியற்ற எந்த மதிப்பீட்டின் மாறுபாடும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்காது என்று அக்கட்டுரை நிறுவியது. கிராமர்–ராவ் எல்லை, ராவ்–பிளாக்வெல் தேற்றம், தகவல் வடிவியல் ஆகிய மூன்றுக்கும் அதுவே வேர். அதற்காகவே 2023இல், தம் 102ஆம் வயதில், ராவ் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசைப் பெற்றார்.

இன்று ஓர் இளம் ஆசிரியர் அத்தகைய கட்டுரை ஒன்றோடு தேர்வுக் குழுவின் முன் நின்றால் என்ன நிகழும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் இணைப் பேராசிரியருக்கு 7 கட்டுரைகளையும் பேராசிரியருக்கு 10 கட்டுரைகளையும் குறைந்த அளவாக வகுத்தன. தாக்கக் காரணி இல்லாத இதழில் வந்த கட்டுரைக்குக் கூடுதல் மதிப்பெண் 5. காரணி 10ஐத் தாண்டிய இதழில் வந்ததற்கு 30. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை.

தாக்கக் காரணி என்பதுதான் என்ன? முந்தைய ஈராண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் அடுத்த ஓராண்டில் பெற்ற மேற்கோள்களின் சராசரி. மேற்கோள்களின் பரவலோ மிகுந்த கோட்டம் உடையது: சில கட்டுரைகள் அள்ளிக் குவிக்கும், பெரும்பாலானவை சராசரியை எட்டுவதே இல்லை. கோட்டமுள்ள பரவலில் சராசரியைக் கொண்டு தனி உறுப்பை மதிப்பிடலாகாது என்பது இளங்கலை முதலாண்டுப் பாடம். அப்பாடத்தை வகுப்பில் நடத்தும் பேராசிரியரின் பதவி உயர்வையே அப்பாடத்தை மீறித் தீர்மானிக்கிறார்கள். இதைவிடப் பெரிய கேலிக்கூத்து வேறில்லை. 78 ஆண்டுகள் கழித்துப் பரிசு பெற்ற கட்டுரையை ஈராண்டுச் சாளரத்தின் வழியே பார்த்தால் என்ன தெரியும்?

எண்கள் இல்லையேல் சாதியும் சிபாரிசும் புகுந்துவிடும் என்பர் சிலர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் எண்கள் வந்த பின்பும் சிபாரிசு ஒழியவில்லை. அதற்கு ஒரு கணக்கேடு கிடைத்தது, அவ்வளவே. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் போலி இதழ்கள் பெருகியதும், ஒரே ஆய்வை நான்காக நறுக்கி விற்கும் வழக்கம் வேரூன்றியதும் இந்த எண்ணிக்கைப் பசியால்தான்.

முறைகேட்டைத் தடுக்க வல்லது மதிப்பெண் அன்று, பொறுப்பேற்பு. விண்ணப்பதாரர் தம் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தரட்டும். துறை அறிந்தவர்கள் அவற்றைப் படிக்கட்டும். ஏற்றதற்கும் மறுத்ததற்குமான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு, விண்ணப்பதாரரின் பார்வைக்கு வைக்கட்டும். இட ஒதுக்கீட்டின் விதிகள் இம்முறையிலும் ஓர் எழுத்துக் குறையாமல் நிற்கட்டும்.

படிப்பதற்கு நேரமில்லை என்று சொல்லும் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை.