ஃபார்மட் அடிக்கும் முன்

ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை ‘இது அவ்வளவுதான் சார்’ என்று கடைக்காரர் ஓரமாகத் தள்ளி வைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். இந்த வாரம் இந்தப் பத்திக்கு எரிந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கணினிக் கடைகளிலும் அடிக்கடி கேட்கிற வசனம் ஒன்றுதான்: ‘பதினொன்று ஏறாது, புதுசா பாத்துக்குங்க.’

ஏன் ஏறாது? டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். விண்டோஸ் 11 விதிக்கும் நிபந்தனைகள் இவை. எட்டாம் தலைமுறை 2017இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வாங்கிய ஐ5 மடிக்கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால், இன்றைக்கும் கணக்கு எழுதும், கடிதம் அடிக்கும், பிள்ளைகளுக்குப் பாடம் காட்டும். புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானாக வராது. வீடுகளில் பயன்படுத்துவோருக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதைக் கடைகளிலாவது சொல்லலாம்.

மைக்ரோசாஃப்டை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளும் அறிவித்துவிட்டது. இந்த விஷயத்தில் கைபேசிகள் கொஞ்சம் முன்னேறியிருக்கின்றன. பிக்சல் 8இலிருந்து கூகுளும், கேலக்ஸி எஸ்24இலிருந்து சாம்சங்கும் தங்கள் உயர்விலை போன்களுக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக உறுதி சொல்லியிருக்கின்றன. நடுத்தர விலையில் வாங்குபவருக்கும் அந்த உறுதி வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. விண்டோஸ் 10ஐ விட்டு வெளியேறுபவர்களுக்கென்றே கேடிஇ குழுவினர் தனிப் பிரசாரம் நடத்தினார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ராம் இருந்தாலே போதும், 4 ஜிபி என்றால் வசதி. பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். நமக்கும் இது அந்நியமான பொருள் இல்லை. 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பக்கத்துக் கேரளத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள்.

சரி, மாறிவிடலாம் என்று ஒரு டி.டி.பி. நிலையக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். விலை பற்றியோ வைரஸ் பற்றியோ அவர் கேட்க மாட்டார். ‘என் பழைய தமிழ் ஃபைல் எல்லாம் திறக்குமா?’ என்றுதான் கேட்பார். அச்சகக்காரர், கோவில் மலர் தொகுப்பவர், இருபது ஆண்டுகளாகக் கதை எழுதி ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருப்பவர் எல்லாருக்கும் இதே கவலைதான். விண்டோஸா லினக்ஸா என்ற சண்டையைவிட இந்தக் கேள்வி பெரியது. ஆகவே இந்த வாரம் மீதி இடம் முழுவதும் இதற்கே. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு மீது இந்தப் பத்திக்கு உள்ள வருத்தம் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. இன்னொரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ்தான் தெரிகிறது. கோப்புக்குள் பதிவாகியிருப்பது என்ன தெரியுமா? ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்டதோடு சரி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து, பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். வரிசையும் வேறு. தட்டச்சுப் பொறியில் அடிப்பதுபோல ‘கொ’ என்ற எழுத்துக்கு முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று துண்டுகளாகப் பதிவாகும். அகரவரிசைப்படுத்த முடியாது. தேடுபொறியில் தமிழில் தேடினால் அகப்படாது. அதைப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் போட்டாலும், நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் அதே குப்பைதான் வரும்.

இதை உருவாக்கியவர்களைக் குறை சொல்வது தவறு. கணினியில் தமிழுக்கு இடமே இல்லாத காலத்தில், இருந்த 256 இடங்களுக்குள் தமிழைப் பொருத்திக் காட்டியவர்கள் அவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சலைத் தொடங்கிவிட்டார். இடைஞ்சல் எங்கே வந்தது என்றால், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அச்சகமும் தனக்கென்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டதில். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார். நாளிதழ்கள் இணையத்துக்கு வந்த புதிதில் ஒவ்வொன்றையும் படிக்க ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்ததை நாற்பது வயது தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டேம், டேப் என்ற இரண்டு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி ‘திஸ்கி’ என்றொரு தரத்தை உருவாக்கினார்கள்.

இங்கேதான் திறந்த முறையின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. திஸ்கி எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை எல்லார் கையிலும் இருந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் சங்க நூல்களிலிருந்து தற்கால நூல்கள் வரை தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை புழக்கத்துக்கு வந்ததும் திஸ்கியில் இருந்த அந்த நூல்களை அதற்கு மாற்ற முடிந்தது. மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டவணை வெளியிடாத தனியார் எழுத்துருக்களில் சிக்கிய நூல்களுக்கோ, யாராவது ஒரு தன்னார்வலர் எழுத்தெழுத்தாகப் பார்த்து அட்டவணையைக் கண்டுபிடித்தால்தான் விடிவு.

அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பது தமிழுக்குக் கிடைத்த பேறு. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியில் பாமினிப் பத்தியை ஒட்டிப் பொத்தானை அமுக்கினால் யூனிகோடு வரும். பத்திரிகையாளர்களும் வலைப்பதிவர்களும் எத்தனை லட்சம் வரிகளை அதன் வழியாகக் கரையேற்றியிருப்பார்களோ! தமிழா குழுவின் எ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். ரைட்டர், விஸ்வநாதனின் அழகி ஆகிய செயலிகள் இல்லாமல் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுத் தமிழ் இணையத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அதிராம்பட்டினத்து உமர் தம்பி தன் தேனீ யூனிகோடு எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். இவற்றில் சில கட்டற்ற மென்பொருள், சில இலவசம் மட்டும். இரண்டும் ஒன்றில்லை. மூலநிரல் பொதுவில் இருந்தால் ஆக்கியவருக்குப் பிறகும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம்; இலவசம் மட்டும் என்றால் அவரோடு முடிந்துபோகும் அபாயம் உண்டு. முத்து அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பு முதல் வகை. பழைய குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் வசதி அதில் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

யூனிகோடு குறையற்றது என்று இந்தப் பத்தி சொல்லவில்லை. தமிழுக்கு முதலில் ஒதுக்கியது 128 இடங்கள்தான். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையையும் யூனிகோடோடு சேர்த்து 2010இல் தமிழக அரசு தரமாக அறிவித்ததற்குப் பின்னால் நியாயமான வாதங்கள் இருந்தன. ஆனால் உலகம் முழுக்கக் கைபேசி வரைக்கும் பரவிவிட்டது யூனிகோடுதான். அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் வேலையைச் செய்வதும் பெருமளவுக்கு ஒரு கட்டற்ற மென்பொருளே. ககரத்துக்குப் பின்னால் பதிவாகும் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற இயங்குபொறி. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வளர்த்தெடுத்தது. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் லிப்ரேஆபீஸிலும் அது இருக்கிறது. விண்டோஸே கதி என்று இருப்பவர்கூட, குரோமில் தமிழ் படிக்கும்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்.

இத்தனைக்குப் பிறகும் பாமினியை ஏன் விட மறுக்கிறார்கள்? தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்த விரல்கள் அந்த அமைப்புக்குப் பழகிவிட்டன. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற வேகம்தான் அவர்களின் சம்பளம். அந்தத் திறமைக்கு மரியாதை வேண்டும். அதே மரியாதையோடு சொல்ல வேண்டியது: விசைப்பலகை வேறு, எழுத்து கோப்புக்குள் பதிவாகும் முறை வேறு. பாமினி அமைப்பிலேயே, பழைய தட்டச்சு அமைப்பிலேயே விரல் பழக்கம் மாறாமல் அடித்து யூனிகோடாகப் பதிவு செய்ய எ-கலப்பையிலும் என்.எச்.எம். ரைட்டரிலும் எத்தனையோ ஆண்டுகளாக வழி இருக்கிறது. லினக்ஸிலும் தமிழ்த் தட்டச்சு அமைப்பு, தமிழ்99, இலங்கையின் ரெங்கநாதன் அமைப்பு எல்லாம் உண்டு. ‘யூனிகோடு என்றால் அம்மா என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்’ என்று நம்பும் தட்டச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் காட்டிக்கொடுத்தால் போதும்.

இன்னொரு காரணம் பேஜ்மேக்கர். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோடு தெரியாது. அதற்காகவே பழைய கணினி ஒன்றைப் பாதுகாக்கும் அச்சகங்கள் இருக்கின்றன. ஆக்கியவர்கள் கைகழுவிய இந்தக் கோப்புகளைத் திறக்க 2015இல் வழி செய்தது லிப்ரேஆபீஸ் 4.4. பக்க அமைப்பு அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உரையை மீட்டு, மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்குவதற்கு அது உதவும். வேர்டு கோப்பு என்றால் இன்னும் சுலபம். எழுத்துருவையும் கூடவே கொண்டுபோனால் லினக்ஸிலும் திறக்கும். டி.டி.பி. நிலையக்காரரின் கேள்விக்குப் பதில் இதுதான்.

இது வெறும் வசதிப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்களில் என்விடிஏ என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டெஹ்ஹோடு சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். வசதி படைத்தவர் மட்டும் வாங்கக்கூடிய திரைவாசிப்பான்களுக்கு மாற்றாக, காசில்லாமல், மூலநிரலோடு கொடுக்கிறார்கள். விண்டோஸில் ஓடுகிறது. யூனிகோடுத் தமிழைக் கொடுத்தால், பேச்சொலி மென்பொருளின் துணையோடு தமிழாக வாசிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால்? ஜே, கே என்று ஆங்கில எழுத்துகளாகவோ பொருளற்ற ஒலியாகவோ காதில் விழும். பார்வையற்ற கல்லூரி மாணவருக்கு ஒரு துறை அந்தக் கோப்பைப் பாடக்குறிப்பாக அனுப்பினால், வெறும் தாளைக் கொடுத்ததற்குச் சமம். அலுவலகங்கள் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடிப்பதை மன்னிக்க முடியாத தவறு என்று இந்தப் பத்தி கருதுவது இதனால்தான்.

கணினிகள் கூட்டமாகக் கைமாறும் காலம் இது. பழையதை விற்கவோ ஃபார்மட் அடிக்கவோ போகிறவர்கள் தயவுசெய்து முதலில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள். தமிழ்க் கோப்புகள் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றுவது எளிது. பெயரும் தொலைந்தால் ஒவ்வொரு மாற்றியாகப் போட்டுத் திண்டாட வேண்டும். பதிப்பாளர்கள் ஒரு புத்தகத்தையாவது இந்த மாதமே யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்தாளர்கள், புத்தகம் அச்சுக்குப் போன கையோடு பிடிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மெய்ப்புத் திருத்தம் முடிந்த யூனிகோடு உரையையும் கேட்டு வாங்கி வையுங்கள்.