யந்திரத்துக்குள் இருந்த இந்தியர்

சென்ற சில வருஷங்களாக நம் நாட்டுக் கணினித் தொழிலில் ஈடுபட்டுள்ள வாலிபர்களிடையே ஒரு பரிகாசம் உலவி வருகிறது. ‘ஏ.ஐ.’ என்ற இரண்டு எழுத்துக்களை மேனாட்டார் ‘ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்று விரிப்பார்கள். செயற்கை நுண்ணறிவு என்று நாம் தமிழில் வழங்குகிறோம். இவ்வாலிபர்களோ அதனை ‘ஆக்சுவலி இந்தியன்ஸ்’ என்று விரிக்கிறார்கள். ‘உண்மையில், இந்தியர்களே’ என்பது அதன் பொருள். காலையில் தியாகராய நகர் பஸ் நிலையத்தில் நின்று, பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளுக்குப் புறப்படும் எந்த இளைஞரைக் கேட்டாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடத் தக்க விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை.

இந்தப் பரிகாசத்திற்கு வலுக் கொடுத்த சம்பவத்தை முதலில் கூறுவோம். அமெரிக்காவிலுள்ள அமேஸான் கம்பெனியார் 2018-ஆம் வருஷம் ஸியாட்டில் நகரில் ஒரு நூதனக் கடையைப் பொது ஜனங்களுக்குத் திறந்தனர். அங்கே காசு வாங்கும் குமாஸ்தா இல்லை, பில் போடுவாருமில்லை. வேண்டிய சாமானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடலாம். கூரையிலிருக்கும் காமிராக்கள் பார்த்துக் கணக்கிட்டு, வாங்கியவரின் பற்றில் எழுதிவிடும் என்றார்கள். உலகமே மூக்கின்மேல் விரலை வைத்தது. பின்னர், 2024 ஏப்ரலில், தமது பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அந்த ஏற்பாட்டை எடுத்துவிடுவதாக அக்கம்பெனியார் தெரிவித்தனர். அப்பொழுதுதான், அந்தக் காமிராப் படங்களைப் பார்த்துச் சரிபார்க்க இந்தியாவில் சுமார் 1,000 பேர் வேலை செய்து வந்தனர் என்ற செய்தி எங்கும் பரவிற்று. 2022-இல் ஆயிரம் விற்பனைகளில் எழுநூறு வரையில் மனிதர் கண்ணால் பரிசீலிக்கப்பட்டன என்றும் அச்செய்தி கூறிற்று. கம்பெனியார் இதை மறுத்தார்கள். யந்திரத்திற்குப் பயிற்சி அளிப்பதற்காகவே அவர்கள் படங்களைக் குறித்து வந்தனரென்றும், யந்திரம் தடுமாறிய சிறுபான்மை விற்பனைகளை மட்டுமே சரிபார்த்தனரென்றும் சொன்னார்கள். மறுப்பை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஒன்றை அவர்களும் மறுக்கவில்லை: ஆளில்லாக் கடைக்கு ஆள் இருந்தது, அந்த ஆள் இந்தியாவில் இருந்தார்.

தியாகராய நகர் வாசிகளுக்கு இதன் சுவை நன்கு விளங்கும். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் அலமாரிக்கு ஒருவர், படிக்கு ஒருவர், வாசலுக்கு நால்வர் என்று சிப்பந்திகள் நிற்கிறார்கள். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள் என்பதை நாம் வெகு காலம் கவனிக்கவில்லை. 2010-இல் ‘அங்காடித் தெரு’ என்ற சினிமாப் படம் வந்தபோது சிறிது கண் திறந்தது. கடைச் சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் கொடுக்க வேண்டுமென்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு திருத்தச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உட்காருவதற்கு ஒரு சட்டம்! கண்ணெதிரே நிற்கும் மனிதனுக்கே நாற்காலி கிடைக்க இத்தனை காலம் ஆயிற்றென்றால், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் யந்திரம் என்ற பெயரில் ஒளித்து வைக்கப்பட்ட மனிதனின் கதி என்ன என்று யோசிக்க வேண்டாமா?

யந்திரத்துக்குள் மனிதனை ஒளித்து வைப்பது புது வித்தையுமன்று. 1770-ஆம் வருஷம் கெம்பெலன் என்பவர் வியன்னாவில் மேரியா தெரஸா மகாராணியின் சமூகத்தில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் கொணர்ந்து வைத்தார். துருக்கியன் வேஷந் தரித்த அந்தப் பொம்மை பெரிய பெரிய ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. பெட்டிக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்து காய்களை நகர்த்தினார் என்பது இரகசியம். இந்தக் கதையை நன்கறிந்தே அமேஸான் கம்பெனியார் 2005-இல் தாங்கள் தொடங்கிய ஒரு சில்லறை வேலைச் சந்தைக்கு ‘மெக்கானிக்கல் டர்க்’, அதாவது ‘யந்திரத் துருக்கியன்’, என்று நாமகரணம் செய்தனர். கணினியால் ஆகாத துண்டு வேலைகளைச் சில காசுகளுக்குச் செய்து கொடுக்க உலகெங்குமுள்ள மனிதர்கள் அதில் காத்திருப்பார்கள். அவர்களில் இந்தியர் தொகை மிகப் பெரிது. இன்றைய நுண்ணறிவு யந்திரங்களுக்கு அஸ்திவாரம் போட்டது என்று போற்றப்படும் ‘இமேஜ்நெட்’ என்ற படத் தொகுதியில் ஒரு கோடியே நாற்பது லக்ஷம் படங்கள் உண்டு. அவற்றில் எது பூனை, எது நாய் என்று பெயர் குறித்தவர்கள் அந்தச் சந்தையில் கூலிக்கு அமர்ந்த பல்லாயிரம் பேரே. ஆகவே நமது வாலிபர்களின் சிலேடை, வெறும் சிலேடையன்று. பாதிக்கு மேல் சரித்திரம்.

ஆனால், பரிகாசம் செய்பவர்களும் நிதானம் இழக்கலாகாது. 2025 மே மாதத்தில் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பில்டர்.ஏஐ’ என்ற கம்பெனி திவாலாயிற்று. மைக்ரோஸாப்ட் முதலியவர்கள் பணம் போட்டிருந்த கம்பெனி அது. உடனே, அதன் நுண்ணறிவு யந்திரம் என்பது 700 இந்திய எஞ்சினீயர்களே என்ற கதை காட்டுத் தீயெனப் பரவிற்று. நம்மவர்களே அதை ஆயிரம் விதமாக நகைச்சுவைப்படுத்தி அனுப்பி மகிழ்ந்தார்கள். அக்கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர்கள் சிலர் இக்கதை உண்மையன்று என்று பிறகு எடுத்துக் காட்டினர். வரவை மிகைப்படுத்திக் காட்டியது என்பதே அதன் மேல் எழுந்த முக்கியமான குற்றச்சாட்டு. முதலாளிகளின் கணக்குப் பிசகை விட்டுவிட்டு, உழைத்துச் சாப்பிட்ட எஞ்சினீயர்களை உலகம் கண்டு நகைக்கும்படி ஆயிற்று. இதற்கு நமது ஹாஸ்யப் பிரியர்களும் உடந்தையாயினர் என்று கூற வருந்துகிறோம்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஒரே பரிகாசம், சொல்லுகிற வாய்க்குத் தக்கபடி பொருள் மாறுகிறது. சென்னையில் இரவு இரண்டு மணிக்கு அமெரிக்கக் கம்பெனியின் கோளாறை நீக்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அதைச் சொன்னால், ‘உங்கள் மாயாஜாலத்தின் பின்னால் எங்கள் கை இருக்கிறது’ என்ற பெருமிதம் அதில் தொனிக்கும். அதையே மேனாட்டான் ஒருவன் சொன்னால், ‘இவ்வளவுதானா, மலிவான இந்தியர்களா’ என்ற இளக்காரம் தொனிக்கும். ‘கூலி’ என்ற நமது சொல்லுக்கும் நேட்டாலிலும் பீஜியிலும் இதே கதிதான் நேர்ந்தது. செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் என்ற கௌரவமான பொருளில் நாம் வழங்கிய சொல், மனிதனையே இழிவாகக் குறிக்கும் வசைச் சொல்லாயிற்று. அந்த ஒப்பந்தக் கூலி முறையை 1917-இல் நிறுத்துவதற்கு எத்தனை கிளர்ச்சி வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கம்பெனித் தலைவர் ஸாம் ஆல்ட்மன் டில்லிக்கு வந்திருந்தார். கையில் ஒரு கோடி டாலர் வைத்துக்கொண்டு இந்திய வாலிபர்கள் இத்தகைய யந்திரத்தைத் தாங்களே சமைக்க இயலுமா என்று கேட்டதற்கு, எங்களுடன் போட்டியிடுவது முற்றிலும் பயனற்றது, ஆயினும் முயல்வது உங்கள் கடமை என்ற பாவனையில் விடையளித்தார். சவாலை ஏற்றுக்கொண்டோம் என்று டெக் மஹீந்திராவின் தலைமையில் அப்போதிருந்த குர்னானி பதில் கூறினார். 2025 பிப்ரவரியில் மறுபடி வந்த ஆல்ட்மன், இந்தியா தமது கம்பெனிக்கு இரண்டாவது பெரிய சந்தை என்றும், இத்துறையில் இந்தியா முன்னணியில் நிற்க வேண்டுமென்றும் உபசார வார்த்தை கூறினார். வேலைக்கு ஆள் நம்மிடம். வாங்குவதற்கு ஆளும் நம்மிடம். யந்திரம் மட்டும் அவர்களிடம். கப்பல் ஓட்ட 1906-இல் தூத்துக்குடியில் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளை அவர்களிடமும் இப்படித்தான் பலர் ‘பயனற்றது’ என்றிருப்பார்கள்.

இந்த வேலையே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. படங்களுக்குப் பெயர் குறிப்பதும் யந்திரத்தின் பிழையைத் திருத்துவதும் கௌரவமான தொழில்களே. நமது மாகாணத்தின் சிற்றூர்களில் ‘தேசிக்ரூ’ போன்ற ஸ்தாபனங்கள் இத்தகைய வேலையைக் கொண்டு சென்றிருப்பதால், சென்னைக்கு வந்து மேன்ஷன் அறையில் முடங்காமல் சொந்த ஊரிலேயே சம்பாதிக்கும் வாய்ப்புப் பல பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. நாம் ஆக்ஷேபிப்பது ஒளித்து வைப்பதையே. ஒளித்து வைத்த இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் கென்யா சாக்ஷி. ஓப்பன்ஏஐ யந்திரத்தின் பொருட்டு ஆபாசமும் கொடூரமும் நிறைந்த வாசகங்களைப் படித்துப் பிரித்துக் கொடுத்த தொழிலாளர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்குக் குறைவாகவே கிடைத்தது என்று ‘டைம்’ பத்திரிகை 2023 ஜனவரியில் வெளியிட்டது. இடையிலிருந்த கம்பெனிக்கு மணிக்குப் பன்னிரண்டரை டாலர் என்று ஒப்பந்தமாம்! தரகு என்றால் இதுவல்லவோ தரகு.

இதற்கிடையில் உள்ளூரிலும் பயம் புகுந்திருக்கிறது. 2025 ஜூலையில் டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனியார் சுமார் 12,000 பேரை நீக்கப் போவதாகத் தெரிவித்தனர். நடுத்தர, மேல் நிலை ஊழியர்களே பெரும்பாலும் அதில் அடிபட்டார்கள். யந்திரம் காரணமன்று என்று நிர்வாகத்தார் கூறினாலும் ஊழியர்கள் நம்பத் தயாராயில்லை. ‘என் வேலையைப் பிடுங்கப்போகிற யந்திரத்திற்கு நானே வாத்தியார்’ என்பது இப்போது வழங்கும் வேடிக்கைப் பேச்சு. தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சிலை உண்டு. 1969-இல் அண்ணாதுரை அவர்கள் அதைத் திறந்து வைத்தார். அந்தச் சிலைக்குரியவர், சிரிப்பவன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்து சிரிக்க வைத்தவர்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. யந்திரம் செய்கிறது என்று விளம்பரம் செய்து சரக்கு விற்கும் ஒவ்வொரு கம்பெனியும், அதில் எத்தனை மனிதர் எந்த ஊரில் எவ்வளவு சம்பளத்தில் வேலை செய்கின்றனர் என்பதை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடும்படி சட்டம் வேண்டும். இடைத் தரகர் கைக்குப் போகும் தொகையும் அதில் இருக்க வேண்டும். தொழிலாளிக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த தமிழ்நாட்டுச் சட்டசபையே இதற்கும் முதலில் கை தூக்கலாம். சங்கம் வைக்கக் கூச்சப்படும் கணினித் தொழிலாளரும், பரிகாசத்துக்குச் செலவிடும் சாமர்த்தியத்தில் கால் பங்கையாவது மனு எழுதுவதில் செலவிடுவார்களாக.