ஒரு தொட்டி, மூன்று சமையல்

மலாக்காவின் பாச்சாங் பக்கத்துக் குடியிருப்புத் தாமான் ஒன்றின் பொது மண்டபத்தில், பின்புறம் ஒரு சமையற்கட்டு. பாத்திரம் கழுவ ஒரே தொட்டி, ஒரே குழாய். ஒரு சனிக்கிழமை மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்து. மாட்டிறைச்சி ரெண்டாங் வேகும். அடுத்த வாரம் நம் வீட்டு நலங்கு, சைவச் சாப்பாடு. அதற்கடுத்து ஒரு சீனப் பெரியவரின் பிறந்தநாள். பன்றி இறைச்சி இல்லாமல் விருந்து நடக்காது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எல்லாருக்கும் ஒரே தொட்டி என்பதால் அவரவர் வேறு இடம் பார்த்துப் போனார்கள், அவ்வளவுதான். இப்போது மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது.

இதைப் பார்த்து நம் மக்களிடம் சகிப்புத்தன்மை குறைந்துவிட்டது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். குறை அந்தத் தொட்டியில் இருக்கிறது. அதில் பாத்திரம் கழுவப்போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் மண்டபத்துக்குப் படம் வரைந்துவிட்டார்கள்.

பயன்படுத்தப்போகிறவரையே வரைகிற மேசைக்கு அழைப்பதைப் பங்கேற்பு வடிவமைப்பு என்கிறார்கள். 1970களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில், தொழிற்சாலைக்கு வரும் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதில் தங்களுக்கும் சொல் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டதில் வளர்ந்த முறை இது. பல இனம் கலந்து வாழும் நம் தாமான்களுக்கு இது அங்கே இருந்ததைவிட அவசரமான தேவை.

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஷா ஆலாமை மறக்க முடியுமா? தோட்டக் காலத்திலிருந்தே இருந்த மாரியம்மன் கோயிலை 19ஆம் பிரிவிலிருந்து 23ஆம் பிரிவுக்கு மாற்ற சிலாங்கூர் மாநில அரசு முடிவு செய்தது. 2009 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், எதிர்ப்பாளர்கள் வெட்டிய மாட்டுத் தலையோடு மாநிலச் செயலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்தச் செயலுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் கவனிக்க வேண்டும். செப்டம்பர் 5ஆம் தேதி குடியிருப்பாளர்களை அழைத்துக் கலந்துரையாடல் வைத்தார்கள். அது கூச்சலில் முடிந்தது. இடம் அறிவிக்கப்பட்ட பிறகு கூட்டம் வைத்தால் வேறு என்ன நடக்கும்? வந்தவர்களுக்குச் சொல்ல மிச்சமிருந்தது ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்தான்.

நம் சட்டமும் அந்தச் சொல்லைத்தான் பழக்குகிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்லலாம். நல்லதுதான். ஆனால் முக்கால்வாசி முடிந்த படத்துக்கு எதிராகப் பேசுவது வேறு, வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்து பேசுவது வேறு. நமக்காகப் பேச நாமே தேர்ந்தெடுத்தவரும் இல்லை: ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இன்று வரை திரும்பவில்லை. நியமனம் பெற்ற கவுன்சிலரை நம்பித்தான் நம் வடிகாலும் திடலும் இருக்கின்றன.

முன்பு இப்படி இல்லை. மலாக்காவின் பொற்கொல்லர் தெருவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பள்ளிவாசலின் கோபுரத்தில் சீனப் பகோடாவின் சாயல் தெரியும். அங்கே வாழ்ந்தவர்களே அங்கே கட்டினார்கள். தாமான்களில் கட்டுபவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர்.

பினாங்கில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 2012இல் ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புகளில் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. ஆண், பெண், இளையோர், முதியோர், உடற்குறையுள்ளோர் என்று தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். பிறகு எந்தத் தேவை முதலில் என்று குடியிருப்பாளர்களே வாக்களித்தார்கள். தனித்தனியாகக் கேட்டதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரே கூட்டமாக இருந்தால் குரல் உயர்ந்தவர் சொல்வதே ஊர் சொல்வதாகிவிடும், மருமகள் பேசமாட்டாள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் வாக்குக்கு விடக்கூடாது. நூறு வீட்டில் பத்து வீடு தமிழர் என்றால், கோயில் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. வழிபடும் உரிமை பேரம் பேசும் பொருளல்ல. அந்தப் பத்து வீட்டுக்காரரும் மற்றவரும் சேர்ந்து பேச வேண்டியவை வேறு: உறுமி மேளம் எத்தனை மணிக்கு ஓய வேண்டும், திருவிழா நாளில் கார்களை எங்கே நிறுத்துவது, சூராவ் என்ற சிறு தொழுகைக் கூடத்துக்கு நடந்து போகிறவரின் பாதை எது.

இவற்றைப் பேசும் கூட்டத்தை வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தால் ஷிப்ட் வேலைக்காரர் யாரும் வரமுடியாது. தமிழில் மட்டுமே பேச வரும் பாட்டிக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். அந்தப் பூட்டிய மண்டபத்தைப் புதுப்பிக்கக் குத்தகை விடுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சமையற்கட்டில் கை நனைத்த மூன்று இனத்துப் பெண்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சுண்ணக்கட்டி கொடுங்கள். தொட்டி எத்தனை, அடுப்பு எங்கே, யார் பாத்திரத்துக்கு எந்த அலமாரி என்று தரையிலேயே வரைந்து காட்டிவிடுவார்கள்.