செத்த மீனைத்தான் பார்த்திருக்கிறோம்



வஞ்சிரம், மத்தி, நெத்திலி எல்லாம் நம்ம செஞ்சிப் பக்கம் ஐஸ் பெட்டியில்தான் வருகின்றன. ஏரி விராலும் கெளுத்தியும் துள்ளப் பார்த்திருக்கிறேன். உயிருள்ள கடல் மீனை சீயமங்கலத்துக்காரன் நான் இதுவரை பார்த்ததில்லை. இத்தனைக்கும் திண்டிவனம் தாண்டி மரக்காணம் போனால் கடல்.

இந்தியாவின் முதல் மீன்காட்சியகம் சென்னை மெரினாவில்தான் 1909-ல் திறக்கப்பட்டது. யோசனை சொன்னவர் எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன். (அந்த மியூசியத்தைச் சென்னை ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். செத்த காலேஜ்காரருக்குத்தான் உயிர்மீன் காட்டத் தோன்றியது பாருங்கள்!) 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மூடிவிட்டார்கள். பழைய பெருமை பிறகு திரும்பவே இல்லை.

அதே ஜப்பானில் உவோசு என்று ஒரு சின்ன கடலோர ஊர். நமக்கு நாலு வருஷம் பிந்தி, 1913-ல் அங்கே மீன்காட்சியகம் வந்தது. போரை அவர்களும்தான் பார்த்தார்கள். ஆனாலும் மறுபடி கட்டினார்கள். இப்போது இருப்பது மூன்றாவது கட்டடம், 1981-ல் திறந்தது. அங்கே பெயர் போனது எது தெரியுமா? அவர்கள் விரிகுடாவிலேயே கிடைக்கும், மின்மினி போல ஒளிவிடும் குட்டிக் கணவாய்.

"அதுக்கெல்லாம் விஞ்ஞானிங்க வேணும்பா" என்பார்கள். வேணும்தான். ஆனால் தொட்டி 10 மீட்டர் ஆழம் என்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் சுமார் 10 டன் அழுத்தும். ஒகினாவாவில் 2002-ல் திறந்த சுராவுமி மீன்காட்சியகத்தில் இதைத் தாங்க 60 செ.மீ. கனமுள்ள அக்ரிலிக் பலகை வைத்திருக்கிறார்கள். இது நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடம்தானே? பம்பு நின்றால் ஆக்சிஜன் குறையும். மீன் கழிவின் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் மூணு பிராஞ்சுக்கும் அங்கே வேலை இருக்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் மீன்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நல்லாத்தான் இருக்குமாம். கூலி வேலைக்குப் போகும் எங்க வீட்டில் நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தால் அந்த வாரம் அடுப்பு எரியாது.

அரசாங்கம் மரக்காணம் பக்கம் சின்னதாக ஒன்று கட்டட்டும். டால்பின் வேண்டாம். பக்கத்துக் கழுவெளியில் உப்புத்தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கிறது. அங்குள்ள மீனும் இறாலும் நண்டுமே போதும். 2021-ல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவை தின்கிற மீனையும் நாம பார்க்க வேண்டாமா? டிக்கெட் பஸ் சார்ஜைவிடக் குறைவா இருக்கணும். பம்ப் ரூமுக்கு டிப்ளமோ படித்தவர்களை எடுக்கட்டும். முதல் அப்ளிகேஷன் என்னுடையது.