விளக்கு எரிகிறதா? வயரை முறுக்காதீர்கள்!

நீலகிரி மாவட்டத்தில், பந்தலூர் பக்கம் இருக்கிறது நெல்லியாளம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மழைக்காலம் வந்தால் விடாமல் கொட்டும்.

இங்கிருந்து காரில் உதகைக்குப் போகிறவர்கள் தேவாலா, நாடுகாணி, கூடலூர், நடுவட்டம் என்று மலை ஏறவேண்டும். கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம். உதகையோ சுமார் 2,240 மீட்டர்! ஏறும்போது என்ஜினுக்கு வேலை. திரும்பி இறங்கும்போது பிரேக்குக்கு வேலை.

அதனால், சமவெளிக் காரைவிட மலைக் காருக்குப் பிரேக் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. "இத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு தடவை மாற்றவும்" என்ற புத்தகக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் இரண்டு பேடுகள். பிரேக்கை மிதித்தால் அவை தட்டைக் கவ்வும். வண்டி நிற்கும். கவ்வக் கவ்வ பேட் தேயும். புதிய பேடின் கனம் சுமார் 10 மில்லி மீட்டர். அது 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால்? இரும்பும் இரும்பும் உரசும். பேடோடு முடியவேண்டிய செலவில் டிஸ்கும் சேர்ந்துகொள்ளும்.

பேட் தேய்ந்ததைச் சொல்ல இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பல கார்களில் பேடோடு ஒரு சிறு தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசி "கிரீச்" என்று கத்தும். வேறு சில கார்களில் பேடுக்குள் மெல்லிய மின்சார வயர் ஒன்றைப் பதித்திருப்பார்கள். இதற்கு சென்சார் என்று பெயர். பேட் தேயத் தேய, டிஸ்க் அந்த வயரையும் தொடும். தேய்த்து அறுத்தும் விடும். உடனே டிரைவருக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரியும். நடுவில் வட்டம், இரு பக்கமும் துண்டு துண்டான வளைகோடுகள். இதுதான் அடையாளம்.

முறுக்கினால் என்ன ஆகும்?

அறுந்த சென்சார் மறுபடி உதவாது. புதிய பேடோடு புதிய சென்சாரும் போடவேண்டும். இங்கேதான் சிலர் சிக்கனம் பார்க்கிறார்கள். அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். பல கார்களில் விளக்கு அணைந்துவிடும். காசும் மிச்சம்!

ஆனால் அதன் பிறகு அந்த விளக்கு எரியவே எரியாது. அடுத்த பேட் தகடு வரை தேய்ந்தாலும் எரியாது. கூலிக்கு வரும் டிரைவருக்கோ, பின்னால் அந்தக் காரை வாங்குகிறவருக்கோ இது எப்படித் தெரியும்? "விளக்கு எரியவில்லை, பிரேக் நன்றாக இருக்கிறது" என்று நம்பி மலை இறங்குவார்கள்.

புதிய சென்சார் போட்டும் விளக்கு அணையவில்லையா? பதற வேண்டாம். செருகி சரியாக உட்காரவில்லையா, சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில கார்களில் பட்டறைக்காரர் கம்ப்யூட்டரை மாட்டிச் சரிசெய்தால்தான் அணையும்.

சென்சாரையே முழுக்க நம்புவதும் தப்பு. பல கார்களில் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், அவ்வளவுக்குத்தான் சென்சார். மற்ற சக்கரங்களை யார் பார்ப்பது? மெக்கானிக்தான் பார்க்கவேண்டும். தவிர, அதற்குத் தெரிந்தது கனம் ஒன்றுதான். சூடு தெரியாது! உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், புதிய பேடும் கொதித்துப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வரும். விளக்கு எரியாது. முதல் அல்லது இரண்டாவது கியரில்தான் இறங்கவேண்டும்.

பேட் மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. இடதுக்கு மாற்றினால் வலதுக்கும் மாற்றவேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வேலை முடிந்ததும் வண்டியை உடனே நகர்த்தக்கூடாது. கனமான புதிய பேடுக்கு இடம் விட பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பார்கள். அதனால் முதல் மிதி பள்ளத்தில் கால் வைத்ததுபோல் இறங்கிவிடும். பிரேக் பிடிக்காது! பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதித்துவிட்டுத்தான் கியரைத் தொடவேண்டும். நெல்லியாளம் பக்கம் பட்டறை வாசலே சரிவாகத்தான் இருக்கும்.