மலை யாருக்கு?

2025-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி பிரிட்டிஷ் உச்ச நியாயஸ்தலத்தார் அளித்த ஒரு தீர்ப்பை நம் தேசத் தொண்டர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். டார்ட்மூர் என்னும் பாதுகாக்கப்பட்ட மேட்டுநிலத்தின் பொதுப் புலங்களில், நிலச்சொந்தக்காரரின் உத்தரவு கேளாமலே, எவரும் கூடாரமடித்து இராத் தங்கலாம் என்பது அத்தீர்ப்பு. 1985-ம் வருஷத்துச் சட்டம் அங்கே திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு இடமளிக்கிறது. நடப்பது பொழுதுபோக்கு, படுத்துறங்குவது ஆகாது என்று நிலக்காரர் வாதித்தனராம்! நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டனர்.

மலைவெளிகளில் உலவும் உரிமை அந்நாட்டில் பிரபுக்கள் மனமிரங்கி ஈந்ததன்று. 1932-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, மாஞ்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள கிண்டர் ஸ்கௌட் மலைமீது ஏறக்குறைய 400 பேர் தடையை மீறி ஏறினர். பெரும்பாலோர் தொழிலாளர் வீட்டு வாலிபர். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. வாரமெல்லாம் புகையில் வெந்தவர்க்கு ஒருநாள் மலைக்காற்று வேண்டாமா? ஆனால் 2,000 அடிக்கு மேற்பட்ட அம்மேட்டை டெவன்ஷயர் பிரபு முதலிய நிலச்சொந்தக்காரர், க்ரௌஸ் என்னும் பறவையைச் சுட்டு விளையாடுவதற்கென்றே அடைத்து, தடியேந்திய காவலாளரை நிறுத்தியிருந்தனர். கைகலப்பு நேர்ந்தது. ஐவருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறைவாசம் விதிக்கப்பட்டது. அதே வருஷத்தில் நம் நாட்டுச் சிறைகளும் சட்ட மறுப்புத் தொண்டர்களால் நிரம்பியிருந்தன என்பதை வாசகர் அறிவர்.

1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951-ல் அம்மலையை உள்ளடக்கிய பிரதேசமே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000-ம் வருஷத்துச் சட்டம் மலை, மேட்டுவெளிகளில் நடக்கும் உரிமையை இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் அளித்தது. 2002-ல் டெவன்ஷயர் பிரபுவின் வாரிசு, தம் பாட்டனார் காலத்துச் செய்கைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஜனங்களை விட்டால் மலை கெடும் என்பது அடைப்போர் சொல்லும் நியாயம். அது முற்றும் பொய்யன்று. பல்லாயிரம் கால்கள் மிதித்து அம்மலைகளில் பாதைகள் சேறாய் அகன்றன. ஆனால் அடைத்த காலத்தில் மலை பிழைத்ததா? ஆலைப் புகையின் அமிலம் எந்தக் காவலாளனையும் கேளாமல் ஏறிப் பாசியைக் கொன்றது. பாசி மக்கிச் சேர்ந்த கருமண் மழையில் கரைந்தோடிற்று. காக்கப்பட்டது பிரபுக்களின் வேட்டையே. இப்பொழுது ஓடைகளை அடைத்து, பாசியை மீண்டும் நட்டு வருகின்றனர். இடிந்த பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொணர்ந்து மலைப்பாதையில் பாவியிருக்கின்றனர். நம் கைத்தறியை நசுக்கிய ஆலைகளின் கற்கள் இப்படியேனும் நற்கதி அடைந்தன!

நீலகிரியிலும் 1879-ல் வெள்ளைக்காரர் காலத்து வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரைமாரின் துப்பாக்கிக்கு விலங்கு குறையலாகாது என்பதே அதன் உட்கருத்து. அந்தப் புத்தி இன்றும் நம் அதிகாரிகளிடம் ஒட்டிக்கொண்டிருக்கலாகாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ 20-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆகவே தீக்காலத்தில் மலைவழிகளை மூடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. மூடும் காரணத்தையும் திறக்கும் தேதியையும் முன்னரே பிரசுரிக்கட்டும். கட்டணம் ஏழை மாணவனும் கொடுக்கத் தக்கதாயிருக்கட்டும். வழிகாட்டும் வேலையும் கூலியும் அம்மலையிற் பிறந்த ஆதிவாசிகளுக்கே முதலிற் கிடைக்கட்டும். பணக்காரர் விடுதிக்குக் கார் ஏறும் மலையில், கால்நடையாய் வருபவனை மட்டும் வாயிலில் நிறுத்துவது எந்த நியாயத்தின்படி என்று சர்க்கார் விளக்க வேண்டும்.