ஆய்வகத்தில் ஒளிர்ந்தால் மட்டும் போதுமா?

ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற நச்சு அயனிகள் பட்டதும் ஒளிரும் மூலக்கூறுகளை உருவாக்குவது நம் பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் இன்று பரவலாக நடக்கும் ஆய்வு. மூலக்கூறின் ஒரு முனை அயனியைப் பிடிக்கும். மறுமுனை ஒளிரும் சாயம். அயனி சிக்காதவரை எலக்ட்ரான் ஒன்று தாவி ஒளியை அணைத்துவிடும். சிக்கியதும் தாவல் நின்று ஒளி எழும். இந்தக் கொள்கையை வளர்த்தவர்களில் முக்கியமானவர், இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ.பி. டி சில்வா. அந்த வழியில் வந்த சென்சார்கள் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அளக்கும் கருவிகளாக மருத்துவமனைகளை எட்டிவிட்டன. நச்சு அயனிக்கான சென்சார்களோ பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் படத்தோடு நின்றுவிடுகின்றன. அவை எட்ட வேண்டிய இடம் சென்னைக்கு வடக்கே உள்ள பொன்னேரி போன்ற ஊர்கள்தான்.

பொன்னேரியை அடுத்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் இரும்பு உருக்காலைகளும், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் மீட்கும் ஆலைகளும் இயங்குகின்றன. தெற்கே அத்திப்பட்டு, வல்லூரில் அனல்மின் நிலையங்கள். நிலக்கரிச் சாம்பலில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவை சிறிதளவாவது இருக்கும். நடுவே ஆரணியாறு பொன்னேரியைக் கடந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. குடிநீரைக் கிராமத்திலேயே சோதிக்க, ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்குத் தரப்படும் பெட்டியில் கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு ஆகியவற்றுக்குச் சோதனை உண்டு. ஈயமும் பாதரசமும் வழக்கமான பட்டியலில் இல்லை. இவற்றுக்கு நிறமோ மணமோ கிடையாது என்பதால் யாரும் சந்தேகப்பட்டு நீரை ஆய்வகத்துக்கு அனுப்பப் போவதுமில்லை. இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் மதிப்பிட்டதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இருக்கிற சென்சாரை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாமா? முடியாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும், பாதரசம் 0.001 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. ஒரு மைக்ரோமோலார் வரை கண்டறியும் என்று ஒரு கட்டுரை பெருமைப்பட்டால், ஈயத்தில் அது இந்த வரம்பைப் போல் 20 மடங்கு. பாதரசத்தில் 200 மடங்கு. உயிருள்ள செல்லில் காட்டியதாகச் சொல்வதும் பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச்செல்லை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து எடுத்த படம்தான். நுண்ணுணர்வு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி. ஈயம் ஏறிய சிவப்பணுவில் சிங்க் புரோட்டோபார்ஃபிரின் சேரும். அது தானாகவே ஒளிரும். 1970-களில் அமெரிக்காவில் இந்த ஒளியை அளந்து குழந்தைகளைச் சோதித்தார்கள். 1991-இல் ரத்தத்தில் கவலைக்குரிய ஈய அளவு டெசிலிட்டருக்கு 25-லிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டதும், அவ்வளவு குறைந்த ஈயத்தைக் காட்ட இயலாத அந்தச் சோதனை கைவிடப்பட்டது.

மூன்று மறுப்புகள் எழக்கூடும். அங்கீகாரம் பெற்ற ஆய்வக முடிவுதான் சட்டத்தில் செல்லும் என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் எந்தக் கிணற்று நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய முதல்நிலைச் சோதனை வேண்டும். வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைக் களக்கருவிகளால் ஆர்சனிக்குக்குச் சோதித்துச் சிவப்பு, பச்சை வண்ணம் பூசினார்கள். பிழைகள் நேர்ந்தன, ஆனாலும் பல குடும்பங்கள் பாதுகாப்பான கிணற்றுக்கு மாறின. உப்பும் இரும்பும் கலந்த நீரில் சென்சார் தவறு செய்யும், வீண் பீதி வரும் என்பது இரண்டாவது. அதனால்தான் காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த முடிவை நம்பாமல், பழவேற்காட்டு உவர்நீரிலும் பொன்னேரி கிணற்று நீரிலும் சோதிக்கச் சொல்கிறேன். நஞ்சு எனக் காட்டிய மாதிரிகள் எல்லாமும், இல்லை எனக் காட்டியவற்றில் ஒரு பகுதியும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது, அடிப்படை ஆய்வைப் பயன்பாட்டுக் கணக்கால் நெருக்கக் கூடாது என்பது. வேதியியலாளர் ரோஜர் சியென் குழுவினர் 1985-இல் வெளியிட்ட ஃபூரா-2 என்ற ஒளிரும் சாயம் செல்லுக்குள் கால்சியத்தைப் பார்க்க உருவானது. அதைக் குடிநீர் அளவுகோலால் அளப்பது அபத்தம். ஆனால் ஈய நச்சின் கொடுமையைச் சொல்லித் தொடங்கும் ஆய்வு, தீர்வு தருவதாக வாக்குக் கொடுத்துத்தான் நிதி பெறுகிறது. அந்த வாக்கைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. குடிநீருக்கென்று சென்சார் உருவாக்க நிதி கேட்பவர், தர வரம்புக்குக் கீழே அது வேலை செய்வதை நிஜக் கிணற்று நீரில் காட்ட வேண்டும் என்று நிதி நிறுவனங்கள் நிபந்தனை வைக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தான் அளந்த மாதிரிகளில் ஒரு பகுதியை, முடிவைச் சொல்லாமல், பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பீட்டுக்குத் தரலாம். களச் சோதனையைப் பொன்னேரி அரசுக் கல்லூரி மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். அதில் தேறும் முதல் ஈயச் சென்சாரை, பயிற்சி பெற்ற பெண்களின் பெட்டியில் சேர்க்க அரசு ஆணையிட வேண்டும்.